பூமியின் வேகமும் அதன் பயனும்

காக்ஸ் டவுனில் அசையாது அமர்ந்திருப்பவரும் உண்மையில் மணிக்குச் சுமார் 1,630 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கு நோக்கிச் சென்றுகொண்டிருக்கிறார். இது எவ்வாறு என்று பார்ப்போம்.

பூமத்திய ரேகையில் பூமியின் சுற்றளவு 40,075 கிலோமீட்டர். விண்மீன்களைக் கொண்டு கணிக்கும்போது, பூமி ஒருமுறை சுழல 23 மணி 56 நிமிடம் ஆகிறது. ஆகவே அங்கு வேகம் மணிக்குச் சுமார் 1,674 கிலோமீட்டர். துருவத்தை நோக்கிச் செல்லச் செல்ல அட்சரேகை வட்டம் சிறுக்கிறது, வேகமும் குறைகிறது. பெங்களூரைச் சேர்ந்த காக்ஸ் டவுன் ஏறத்தாழ 13 பாகை வட அட்சரேகையில் உள்ளது. 1,674 ஐ 13 பாகையின் கோசைன் மதிப்பாகிய 0.974 ஆல் பெருக்கினால் மேற்கூறிய வேகம் கிடைக்கும். ஆசிரியர்கள் தத்தம் ஊருக்கும் இவ்வாறே கணக்கிட்டுக் காட்டலாம்.

இதனுடன், பூமி சூரியனை விநாடிக்குச் சுமார் 30 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றியும் வருகிறது. இவ்வேகங்களை நாம் ஏன் உணர்வதில்லை? சீராக ஓடும் ரயிலில் கண்களை மூடியிருப்பவர் அதன் வேகத்தை அறியார். ரயில் புறப்படும்போதும் நிற்கும்போதும் மட்டுமே அதிர்வை உணர்வார். வேகத்தில் நேரும் மாறுதலே உடலுக்குப் புலனாகும். பூமியின் இயக்கத்தில் அம்மாறுதல் மிகச் சிறிது. காற்றும் நம்முடனேயே சுழல்கிறது.

உணரப்படாத இவ்வேகம் வீணாவதில்லை. ஸ்ரீஹரிகோட்டா 13.7 பாகையில் உள்ளது. அங்கிருந்து நேர்கிழக்கே ஏவப்படும் ராக்கெட்டுக்குப் புறப்படுமுன்னரே விநாடிக்குச் சுமார் 450 மீட்டர் வேகம் வாய்த்துவிடுகிறது. தாழ்ந்த சுற்றுப்பாதையில் நிலைபெற வேண்டிய வேகம் விநாடிக்குச் சுமார் 7.8 கிலோமீட்டர். அதில் ஏறத்தாழ பதினேழில் ஒரு பங்கைப் பூமியே அளிக்கிறது. அந்த அளவுக்கு எரிபொருள் மிச்சமாகிறது.