நிலம் கேட்டவர்களை விடுவிக்கச் சொன்ன குரல்

கிள்ளான் பள்ளத்தாக்கின் நில வரலாறு – 9

கிள்ளான் பள்ளத்தாக்கின் தொழிலாளர் வரலாற்றில், சிறைப்பட்டவர்களை விடுவிக்கக் கோரித் தோட்டப்புறத் தமிழர்கள் குரல் எழுப்பிய நிகழ்வுகளுள் இரண்டு தனித்து ஆராயத் தக்கவை. முதலாவது, 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்களின் தலைவராக விளங்கிய ஆர்.எச். நாதன் கைதானபோது எழுந்தது. இரண்டாவது, 2011ஆம் ஆண்டில் மலேசிய சோசலிசக் கட்சியைச் சேர்ந்த அறுவர் அவசரகாலச் சட்டத்தின் கீழ்த் தடுத்து வைக்கப்பட்டபோது எழுந்தது. ஒன்று காலனி ஆட்சியிலும் மற்றொன்று சுதந்திர நாட்டிலும் நடந்தன எனினும், தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மண்ணில் தொழிலாளிக்கு உள்ள உரிமை என்ன என்னும் கேள்வியை எழுப்பியவர்கள், இரு காலத்திலும், பொது ஒழுங்கின் பெயரால் விசாரணையின்றி அகற்றப்பட்டனர். ஆகவே, கைதானவர் வெளியே வருவதோடு விடுதலைக் கோரிக்கை முடிந்துவிடுவதில்லை; அவர் எழுப்பிய கேள்விக்கு விடை கிடைக்கும்போதுதான் அது நிறைவேறுகிறது.

1941ஆம் ஆண்டின் தோட்டம், தொழிலாளி வேலை செய்த இடமாக மட்டுமின்றி, அவர் வாழ்வு முழுவதையும் தன் வேலிக்குள் அடக்கியதாக இருந்தது. லயம் எனப்பட்ட வரிசை வீடுகள், கோயில், தமிழ்ப்பள்ளி, கள்ளுக்கடை ஆகிய அனைத்தும் தோட்ட நிறுவனத்தின் நிலத்தில் நின்றமையால், வேலையை இழந்தவர் அதனுடன் வீட்டையும் இழந்தார். உறவினர் ஒருவர் வந்து பார்த்துச் செல்வதற்கும் நிர்வாகத்தின் தயவு தேவைப்பட்டது. தமிழ் நேசன் இதழில் பணியாற்றிய நாதனும், கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தாரும் இத்தொழிலாளர்களைத் திரட்டி முன்வைத்த கோரிக்கைகளில், சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல், பெண்களுக்குப் பாதுகாப்பு, சங்கம் அமைக்கும் உரிமை ஆகியவற்றுடன், உறவினரும் நண்பரும் தடையின்றித் தோட்டத்திற்குள் வந்துபோகும் உரிமையும் இடம்பெற்றிருந்தது.

அக்கோரிக்கைகளுள் இன்னொன்றைச் சற்று அணுகிப் பார்க்க வேண்டும். வெள்ளைக்காரத் துரையோ, தோட்ட அலுவலகத்தின் ஆசிய ஊழியரோ எதிரே வந்தால், மிதிவண்டியில் செல்லும் தொழிலாளி கீழே இறங்கி நிற்க வேண்டும் என்பது அன்றைய வழக்கமாக இருந்தது. இறங்காமலே கடந்து செல்ல அனுமதி வேண்டும் என்பது தொழிலாளர் கோரிக்கைகளில் ஒன்று. பாதையும் துரையின் சொத்து, அதில் செல்பவனும் துரையின் ஆள் என்னும் எண்ணத்தை மறுத்த இக்கோரிக்கையை, தோட்டத் தமிழர்கள் காலடி மண்ணின் மீது தங்களுக்கும் உரிமை உண்டு என்று எழுதி வைத்த தொடக்ககால ஆவணங்களுள் ஒன்றாகவே கொள்ளலாம்.

நாதன் 1941 மே 5ஆம் நாள் கைது செய்யப்பட்டார். அவரை விடுவிக்கக் கோரித் தொடங்கிய வேலைநிறுத்தம் கிள்ளானிலிருந்து சிலாங்கூரின் பிற தோட்டங்களுக்கும் பரவியது; மே 16ஆம் நாள் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டு, துருப்புகள் வரவழைக்கப்பட்டன; துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் ஐவர் உயிரிழந்தனர். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். தலைமை தாங்கிய தொழிலாளர் பலர் தோட்டங்களிலிருந்து வெளியேற்றப்பட்டனர். ஆளை அகற்றினால் கேள்வியும் அகலும் என்று காலனி அரசு கருதியது.

கேள்வி அகலவில்லை. சுதந்திரத்திற்குப் பின்னர்ப் பால்மரமும் செம்பனையும் நின்ற தோட்டங்கள் ஒவ்வொன்றாக நகரங்களாகவும் நெடுஞ்சாலைகளாகவும் மாறியபோது, அது மேலும் கூர்மை பெற்றது. 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டம், பதிவு செய்யப்பட்ட பட்டாவையே உரிமையின் சான்றாக ஏற்கிறது. மக்கள் வழக்கில் கெரான் எனப்படும் அப்பத்திரம் இல்லாதவர், அரசு நிலத்தில் எத்தனை காலம் குடியிருந்தாலும், அக்குடியிருப்பின் வாயிலாக உரிமை பெற இயலாது என அச்சட்டத்தின் 48ஆம் பிரிவு தெளிவாகக் கூறுகிறது. தற்காலிகக் குடியிருப்பு உரிமம் பெற்றவரும் ஆண்டுதோறும் அதைப் புதுப்பிக்க வேண்டும். காட்டை அழித்துத் தோட்டமாக்கியவர்களின் பேரப்பிள்ளைகள், இச்சட்டத்தின் பார்வையில், வேலை முடிந்தபின் வீட்டைக் காலி செய்ய வேண்டியவர்களே ஆவர். பிரிக்பீல்ட்ஸில் இரயில்வே முதலிய துறைகளின் ஊழியர்களுக்காக எழுப்பப்பட்டு, பின்னர் இடிக்கப்பட்ட நூறு குவாட்டர்ஸ் குடியிருப்பும், வேலையோடு வந்து வேலையோடு போகும் வீடு என்னும் இதே ஏற்பாட்டின் நகர வடிவம்தான்.

இன்றைய புத்ராஜெயா, பேரங் பெசார் உள்ளிட்ட தோட்டங்கள் இருந்த நிலத்தில் எழுந்தது. அங்கிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் டிங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளில் குடியமர்த்தப்பட்டு, சுவர்களில் விரிசல் விட்ட வீடுகளில் வாழ்ந்தபடி, தரைவீடு கேட்டு நெடுங்காலம் போராடினர். கோலாலம்பூர் புக்கிட் ஜாலில் தோட்டத்திலும், எஞ்சியிருந்த குடும்பங்கள் வீடமைப்புக்கு நான்கு ஏக்கர் நிலம் கேட்டு மாநகர மன்றத்துடன் ஆண்டுக்கணக்கில் வாதாட நேர்ந்தது.

இத்தகைய குடும்பங்களோடு களத்தில் நின்ற அமைப்புகளிலிருந்து உருவானதே மலேசிய சோசலிசக் கட்சி. பேராக் மாநிலத் தோட்டத் தொழிலாளரிடையே பணியாற்றிய ‘அலைகள்’ அமைப்பின் மருத்துவர் ஜெயக்குமார் தேவராஜ், 2008ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் சுங்கை சிப்புட் தொகுதியில் ம.இ.கா. தலைவர் சாமிவேலுவைத் தோற்கடித்தவர். 2011 ஜூன் 25ஆம் நாள், ஆட்சி மாற்றம் கோரிப் பரப்புரைப் பயணம் சென்ற அக்கட்சியினர் முப்பது பேர் பினாங்கு மாநிலத்தின் கெப்பாலா பத்தாஸில் கைது செய்யப்பட்டனர். மாமன்னருக்கு எதிராகப் போர் தொடுக்க முனைந்தனர் என்னும் ஐயத்தின் பேரில் விசாரிக்கப்பட்டனர். ஜூலை 2ஆம் நாள், ஜெயக்குமார், சரஸ்வதி முத்து, சூ சொன் காய், சுகுமாரன், லெட்சுமணன், சரத் பாபு ஆகிய அறுவர் அவசரகாலச் சட்டத்தின் கீழ் மீண்டும் கைதாயினர். இக்கைதுகளுக்கு உடனடிக் காரணம் நிலப் பிரச்சினை அன்று. தேர்தல் சீர்திருத்தம் கோரி ஜூலை 9ஆம் நாள் நடக்கவிருந்த பெர்சே பேரணியின் பின்னணியிலேயே அவை நிகழ்ந்தன. ஆயினும், வெளியேற்ற அறிவிப்புக் கிடைத்த குடும்பங்கள் முதலில் தேடிச் செல்லும் ஆட்களே உள்ளே அடைக்கப்பட்டனர் என்பதால், அக்கைதுகளின் சுமை அக்குடும்பங்களின் மீதும் விழுந்தது.

1969 மே 13 கலவரத்தைத் தொடர்ந்து பிறப்பிக்கப்பட்ட அவசரகாலச் சட்டம், ஒருவரைக் குற்றம் சாட்டாமலே அறுபது நாள் வரை காவலில் வைக்கவும், அதன்பின் உள்துறை அமைச்சரின் ஆணையால் இரண்டு ஆண்டுகள் வரை தடுத்து வைக்கவும் இடமளித்தது. கைதான இருபத்து நான்கு மணி நேரத்திற்குள் நீதிபதி முன் நிறுத்தப்படும் உரிமையை அரசியலமைப்பின் 5ஆம் பிரிவு குடிமகனுக்கு வழங்கியிருக்க, நாற்பது ஆண்டுகளுக்கு முந்திய ஒரு கலவரத்தின் சட்டம் அவ்வுரிமையைப் பறித்தது. அறுவரையும் விடுவிக்கக் கோரி மெழுகுவர்த்தி ஏந்திய கூட்டங்கள் நடந்தன. ஆட்கொணர்வு மனு, அதாவது தடுப்பில் உள்ளவரை நீதிமன்றத்தில் நிறுத்திக் காவலுக்கான சட்ட அடிப்படையைக் காட்டுமாறு கோரும் மனு, தாக்கல் செய்யப்பட்டது. ஜூலை 29ஆம் நாள் அறுவரும் விடுவிக்கப்பட்டனர். அவ்வாண்டின் இறுதிக்குள் நெருக்கடிநிலை அறிவிப்புகளை நாடாளுமன்றம் மீட்டுக்கொண்டதால், அவசரகாலச் சட்டமும் தன் பிடிமானத்தை இழந்தது.

அது மக்கள் பெற்ற வெற்றி என்பதில் ஐயமில்லை. ஆனால் முழு வெற்றி அன்று. இசா எனப்பட்ட உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் இடத்தில் 2012ஆம் ஆண்டில் வந்த சோஸ்மா சட்டம், நீதிபதி முன் நிறுத்தாமலே இருபத்தெட்டு நாள் வரை காவலில் வைக்க வழி செய்கிறது. 1959ஆம் ஆண்டின் குற்றத் தடுப்புச் சட்டம் 2014ஆம் ஆண்டில் திருத்தப்பட்டு, விசாரணையின்றி இரண்டு ஆண்டுகள் வரை தடுத்து வைக்கும் அதிகாரம் வேறொரு பெயரில் திரும்பி வந்தது. நிலச் சட்டத்தின் 48ஆம் பிரிவிலும் மாற்றமில்லை.

எனவே, நில உரிமைக்காகக் குரல் கொடுத்தவர் எவர் தடுத்து வைக்கப்பட்டாலும், அவருக்காக எழும் விடுதலைக் கோரிக்கை மூன்றையும் சேர்த்தே கேட்க வேண்டும்: அவரை உடனே விடுவிக்க வேண்டும் அல்லது வெளிப்படையான நீதிமன்றத்தில் குற்றம் சாட்டி விசாரிக்க வேண்டும்; விசாரணையற்ற தடுப்புக்காவலுக்கு இடமளிக்கும் சட்டங்களை நீக்க வேண்டும்; தோட்ட நிலம் கைமாறும்போது, அங்கே வாழ்ந்தவர்களுக்கு வீடமைப்பு நிலம் ஒதுக்குவதைச் சலுகையாக அன்றி, நிலத்தின் பயன்பாட்டை மாற்றுவதற்கான சட்டபூர்வ நிபந்தனையாக்க வேண்டும். மூன்றாவது கோரிக்கை நிறைவேறாத வரை முதலாவதை மீண்டும் மீண்டும் எழுப்ப நேரிடும் என்பதையே 1941உம் 2011உம் ஒருசேர உணர்த்துகின்றன.

(தொடரும்)