மலையின் எச்சரிக்கை மக்களைச் சென்றடைய வேண்டும்

பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தை, மீரியபெத்தை தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மலை சரிந்து லயன் குடியிருப்புகளை மண்ணில் புதைத்தது. அவ்விடம் ஆபத்தானது எனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தும் மக்கள் அங்கேயே வாழ்ந்து கொண்டிருந்தனர். 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' சூறாவளியின்போதும் பதுளை மாவட்டம் மண்சரிவுகளுக்கு உயிர்களைப் பறிகொடுத்தது.

24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பு, 100 எனில் வெளியேற ஆயத்தம், 150 எனில் உடனடி வெளியேற்றம் என்பது இங்கு பின்பற்றப்படும் அளவுகோலாகும். மழைமானியின் இலக்கங்களை அனுப்புவது எளிது. ஆனால் நிலத்தின் வெடிப்பு, சாய்ந்த மரம், கலங்கிய ஊற்று ஆகியவற்றைக் கமராவே காட்ட வேண்டும். சமிக்ஞை நலிந்த மலைப்பகுதியிலிருந்து, அதுவும் அடைமழையில், படங்களை இடைவிடாது அனுப்புவது கடினம்.

இதற்குத் தீர்வாக ஆராயப்படுவதே பொருள்சார் தொடர்பாடலாகும். 1948இல் தகவல் கோட்பாட்டை வகுத்த கிளோட் ஷெனன், செய்தியின் பொருள் பொறியியலுக்குரிய பிரச்சினையன்று என்றார். புதிய முறையோ பொருளையே அனுப்புகின்றது. கமராவுடன் இணைந்த கருவி முழுப் படத்தையும் அனுப்பாமல், அதன் சாரத்தை மட்டும் சில குறிப்புகளாக்கி அனுப்பும். மறுமுனையில், படங்களை உருவாக்கவல்ல செயற்கை நுண்ணறிவு அக்குறிப்புகளிலிருந்து காட்சியை மீள அமைக்கும்.

ஆபத்தும் இங்கேதான் உள்ளது. அம்மென்பொருள் காண்பதில்லை, கற்றதைக் கொண்டு நிரப்புகின்றது. வெடிப்பொன்று குறிப்பில் விடுபட்டால், அவ்விடத்தில் பசுமையான தேயிலைச் செடிகளை வரைந்துவிடக்கூடும். ஆகவே மழை அளவும் நில அசைவும் மூல இலக்கங்களாகவே வர வேண்டும். மீளமைத்த படம் அவ்வாறே அடையாளமிடப்பட வேண்டும். ஐயம் எழுந்தால் அசல் படம் தருவிக்கப்பட வேண்டும். தீர்மானிப்பவர் மனிதராகவே இருத்தல் அவசியம்.

கொழும்பிலுள்ள திரையை எட்டும் செய்தி, தோட்ட லயத்தையும் எட்டினாலே பயன் உண்டு. ஊவாவின் தமிழ், முஸ்லிம் மக்களுக்கு அது தமிழில், தாமதமின்றிக் கிடைக்க வேண்டும். தொலைபேசி செயலிழந்த இரவில் கோவில், பள்ளிவாசல் ஒலிபெருக்கிகளும் கைகொடுக்கலாம்.

எச்சரிக்கை கிடைத்தும் போக்கிடம் இல்லையெனில் எந்த நுண்ணறிவும் உதவாது. பாதுகாப்பான காணியும் வீடும் வழங்கப்படுவதே மீரியபெத்தை கற்பித்த முதற்பாடம். அப்பாடத்தைக் கருவிகளைக் காட்டி மறந்துவிடலாகாது.