அரசர் கேட்டார், ரபி எழுதினார்

லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் ‘அருண்டெல் 151’ என்ற எண்ணில் ஒரு கையெழுத்துத் தொகுப்பு இருக்கிறது. இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் மணமுறிவு விவகாரத்தை ஒட்டி எழுந்த தாள்களின் தொகுப்பு அது. அதில் எபிரேய எழுத்தில் ஒரு கடிதம் உண்டு. 1530 வாக்கில் இத்தாலியின் மோடெனா நகரத்து ரபி (யூத மதகுரு) யாக்கோபு ரஃபேல் பெல்யோனே கையால் எழுதிய சட்டத் தீர்ப்பு.

கிறிஸ்தவ மன்னரின் குடும்ப வழக்கில் யூத ரபிக்கு என்ன வேலை? அதுவும் கடல் கடந்து இத்தாலிக்கு ஏன் போக வேண்டும்? இரண்டாவது கேள்விக்கு விடை எளிது. இங்கிலாந்தில் கேட்பதற்கு யூதர்களே இல்லை. 1290-லேயே முதலாம் எட்வர்ட் அவர்கள் அனைவரையும் நாட்டைவிட்டுத் துரத்தியிருந்தார்.

அண்ணியை மணந்த தம்பி

முதல் கேள்விக்கு வருவோம். ஹென்றியின் அண்ணன் ஆர்தர் 1501 நவம்பரில் ஸ்பெயின் இளவரசி கேத்தரினை மணந்தார். ஐந்தே மாதத்தில், 1502 ஏப்ரலில், பிள்ளையில்லாமல் இறந்துபோனார். போப் இரண்டாம் ஜூலியஸ் விதிவிலக்கு அளிக்க, 1509 ஜூனில் ஹென்றி அண்ணியைக் கைப்பிடித்தார். பிறந்த குழந்தைகளில் மேரி என்ற பெண் மட்டுமே உயிர்தங்கினாள். மன்னருக்கோ ஆண் வாரிசு வேண்டும். ஆன் போலின் என்ற பெண்ணின் மீது மனமும் போயிருந்தது.

அவருக்குக் கைகொடுத்தது வேதாகமத்தின் லேவியராகமம். சகோதரனின் மனைவியை எடுப்பது பாவம், அப்படி எடுத்தவர்கள் பிள்ளையற்றுப் போவார்கள் என்கிறது அது. இறைவனே விலக்கியதை அனுமதிக்கப் போப்புக்கு ஏது அதிகாரம் என்று வாதாடினார் ஹென்றி. ஆனால் அதே வேதத்தின் உபாகமம் வேறு மாதிரி சொல்கிறது. ஒருவன் பிள்ளையில்லாமல் இறந்தால், அவன் மனைவியை உடன்பிறந்தவன் மணந்து, இறந்தவனின் பெயர் அழியாமல் காக்க வேண்டும்.

வழக்கின் முடிச்சு இங்கேதான். உபாகமத்தின் கட்டளைக்கு யூதர்களிடையே இன்னும் உயிர் இருந்தால், இத்தகைய மணம் எந்நிலையிலும் இறைவனுக்கு ஆகாதது என்ற ஹென்றியின் வாதம் விழுந்துவிடும். வழக்கொழிந்த கட்டளை என்றால் அவருக்கு வழி திறக்கும். இதைத் தெரிந்து சொல்லக்கூடியவர்கள் யூத சட்ட அறிஞர்களே.

செருப்பைக் கழற்றும் சடங்கு

யூத சட்டத்தில் இந்த மணத்துக்கு ‘யிபூம்’ என்று பெயர். யூதர்களின் சட்டநூலான தல்மூதின் ‘யெவாமோத்’ என்ற பகுதி முழுக்க இதைச் சுற்றியே எழுந்தது. கொழுந்தனுக்கு மணக்க விருப்பமில்லை என்றால் ‘ஹலிட்ஸா’ என்ற சடங்கு நடக்கும். நீதிமன்றத்தின் முன்னிலையில் கொழுந்தனின் வலது காலில் உள்ள தோல் செருப்பின் வாரை விதவை அவிழ்ப்பாள். செருப்பைக் கழற்றி, அவன் முன்னால் தரையில் துப்புவாள். தன் சகோதரனின் வீட்டைக் கட்டியெழுப்ப மறுத்தவனுக்கு இதுவே மரியாதை என்று சொல்வாள். அதன் பிறகு அவள் விரும்பியவரை மணக்கலாம்.

ஜெர்மனி, பிரான்ஸ் பகுதி யூதர்களிடம் யிபூம் கைவிடப்பட்டு ஹலிட்ஸாவே வழக்கமாகியிருந்தது. ஸ்பெயின் மரபினர் யிபூமையும் ஏற்றார்கள். பதினாறாம் நூற்றாண்டு இத்தாலியில் இரு மரபினரும் அகதிகளாக வந்து குடியேறியிருந்தார்கள். ஆகவே, கேட்பவர் விரும்புகிற பக்கம் சாய்ந்து எழுத இடம் இருக்கத்தான் செய்தது.

1529-ன் இறுதியில் ரிச்சர்ட் க்ரோக் என்ற கிரேக்க மொழி அறிஞர் மன்னரின் வேலையாக இத்தாலிக்குப் புறப்பட்டார். வெனிஸில் எபிரேயம் அறிந்த பிரான்சிஸ்கன் துறவி பிரான்செஸ்கோ ஜியோர்ஜி அவருக்குத் துணைநின்றார். சாதகமான கருத்துகளைத் திரட்டப் பணமும் செலவானது. வெனிஸ் நகரத்தின் யூதர்கள் 1516 முதல் கெட்டோ என்ற தனிப் பகுதிக்குள் அடைக்கப்பட்டிருந்தார்கள். இரவில் அதன் கதவுகளைப் பூட்டிவிடுவார்கள். பகலில் சட்ட நுணுக்கம் கேட்க அவர்களைத்தான் தேட வேண்டியிருந்தது.

யூத அறிஞர்கள் ஒரே குரலில் பேசவில்லை. எலியா ஹல்ஃபோன் மன்னரின் பக்கம் நின்றார். புகழ்பெற்ற மருத்துவர் யாக்கோபு மன்டீனோ எதிர்த்தார். மோடெனாவின் பெல்யோனேயும் மன்னர் எதிர்பார்த்ததை எழுதவில்லை. கேத்தரினுடன் நடந்த திருமணம் செல்லும் என்பதே அவர் தந்த விடை.

யாருக்காக எழுதப்பட்டது?

யூத மரபில் இப்படிப்பட்ட எழுத்துக்கு ‘தெஷுவா’ என்று பெயர். ஊரில் தீராத சிக்கலை எழுதி அனுப்பினால், தொலைவில் இருக்கும் ரபி வேதத்தையும் தல்மூதையும் முன்னோர் தீர்ப்புகளையும் எடைபோட்டு விடை எழுதிக் கையொப்பமிடுவார். வட்டிக் கணக்கு முதல் விதவையின் மறுமணம் வரை நூற்றாண்டுக் கணக்கில் இப்படித்தான் தீர்ந்தன. நாடும் படையும் இல்லாத ஒரு சமூகத்துக்கு இந்தக் கடிதங்களே நீதிமன்றமாக இருந்தன.

பெல்யோனேயின் தீர்ப்பை அந்த வரிசையில் வைத்துப் பார்த்தால்தான் அதன் பெருமை புரியும். கேட்டவர் யூதர்களைத் துரத்திய நாட்டின் மன்னர். தீர்ப்பால் பலன் பெறவிருந்த கேத்தரினோ, 1492-ல் ஸ்பெயினிலிருந்து யூதர்களை வெளியேற்றிய ஃபெர்டினாண்ட்–இசபெல்லா தம்பதியின் மகள். பழைய பகையை வைத்து எழுதியிருந்தால் விடை வேறாக இருந்திருக்கும். பெல்யோனேயின் விடையோ அந்தப் பகைக் கணக்குக்குள் அடங்கவில்லை.

வழக்கு போன போக்கு நமக்குத் தெரியும். 1533 மே மாதம் கேன்டர்பரி பேராயர் கிரான்மர் அந்தத் திருமணம் செல்லாது என்றார். 1534 மார்ச்சில் போப் ஏழாம் கிளமென்ட் செல்லும் என்றார். அதே ஆண்டு இங்கிலாந்துத் திருச்சபைக்கு ஹென்றியே தலைவரானார். ரபிகளின் விடைகள் எதையும் தடுக்கவில்லை. அவர்களுக்கு நன்மையும் செய்யவில்லை. 1553-ல் ரோமில் தல்மூத் பிரதிகள் பொதுவெளியில் எரிக்கப்பட்டன. எந்த நூலைப் பார்த்து விடை சொல்லுங்கள் என்று கேட்டார்களோ, அந்த நூல்தான் எரிந்தது. இங்கிலாந்திலோ 1656 வரை யூதர்கள் வெளிப்படையாக வாழ முடியவில்லை.

ஒரு சமூகத்தின் அறிவு வேண்டும், ஆட்கள் வேண்டாம் என்பது அன்றைய ஐரோப்பாவின் கொள்கையாக இருந்தது. அந்த அநீதியை மறைத்துவிட்டு இந்தக் கடிதத்தை வெறும் அரும்பொருளாகப் பார்ப்பது சரியல்ல. வழக்கில் தோற்ற பக்கத்துக் காகிதம் என்று ஒதுக்குவதும் சரியல்ல. மன்னர் கேட்டாலும் ஏழை விதவை கேட்டாலும் ஒரே நூலைப் பார்த்து ஒரே விடை சொல்வதுதான் நீதி. அதிகாரம் கைவசம் உள்ளவர்களே தடுமாறுகிற அந்த நேர்மையை, எந்த அதிகாரமும் இல்லாத ஒருவர் காத்தார். அதற்காகவே பெல்யோனேயின் பெயரை நாம் நினைவில் வைக்க வேண்டும்.