சைக்கிளால் விழுந்த வாப்பாவும் நாங்கள் மறந்துபோன நான்கு வாரங்களும்

கடந்த வருடம் ஒரு நாள், சுபஹ் தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்த வாப்பாவின் சாரத்தில் கிரவல் மண் ஒட்டியிருந்தது. முழங்கையில் இரத்தம். என்ன நடந்தது என்று கேட்டேன். "ஒண்டுமில்லை மகன், பஸ்காரன் ஹோர்ன் அடிச்சான், ஓரத்துக்கு எடுத்தன், சறுக்கிப்போட்டுது" என்றார். விழுந்தவர் தானே எழும்பி, தானே சைக்கிளை மிதித்து வந்திருந்தார். காயத்துக்கு மருந்து கட்டினோம். இரண்டு நாளில் நாங்களும் மறந்துவிட்டோம், அவரும் மறந்துவிட்டார்.

நான்காவது வாரத்தில் சில மாற்றங்கள் தெரிந்தன. நடக்கும்போது இடது கால் செருப்பு கழன்று விழும், அது கழன்றதே அவருக்குத் தெரியாது. அஸர் தொழுததை மறந்து மீண்டும் வுழூச் செய்யப் போவார். பகலிலும் தூங்கி வழிந்தார். வயது 74 ஆகிவிட்டது, மறதி வரும் காலம்தானே என்று நினைத்துக்கொண்டோம். ஒருநாள் கட்டிலில் இருந்து எழும்ப முடியாமல் போனபோதுதான் வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். "அண்மையில் எங்கேயாவது விழுந்தவரா?" என்று வைத்தியர் கேட்டார். "இல்லை" என்றேன் நான். பக்கத்தில் நின்ற என் மகள்தான், "அப்பா சைக்கிளால விழுந்தவர்தானே" என்றாள்.

ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது மூளையின் வலது பக்கத்தில் இரத்தம் தேங்கியிருந்தது. மண்டையோட்டில் சிறு துளையிட்டு அதை வெளியேற்றினார்கள். அல்ஹம்துலில்லாஹ், வாப்பா இன்று நலமாக இருக்கிறார். ஆனால் அந்த நான்கு வாரங்களை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. இன்னொரு குடும்பம் அதே தவறைச் செய்யக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

சைக்கிளை விட முடியாத தலைமுறை

எங்கள் வீடு முல்லைத்தீவு மாவட்டத்தில், முள்ளியவளைக்கு அருகில் இருக்கிறது. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் அகதிகளாக இருந்த காலத்திலும், யுத்தம் முடிந்து மீளக்குடியேறிய பின்னரும் வாப்பாவை எல்லா இடமும் கொண்டுபோனது சைக்கிள்தான். வன்னியிலேயே இருந்த எமது தமிழ் அயலவர்களின் கதையும் இதுவே. யுத்த காலத்து எரிபொருள் தடையில் நெல்மூட்டை, விறகு, நோயாளி எல்லாம் சைக்கிளில்தான் போயின. 2022இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்ற நாட்களில், மூலையில் கிடந்த சைக்கிள்கள் மீண்டும் வீதிக்கு வந்தன.

ஆகவே நீராவிப்பிட்டியிலோ, நாச்சிக்குடாவிலோ, வவுனியா பட்டாணிச்சூரிலோ ஒரு மூத்தவர் சைக்கிளில் போவது வியப்பல்ல. ஆனால் அவர் பழகிய வீதி இப்போது இல்லை. அன்று குண்டும் குழியுமாக இருந்த வீதிகள் பல இன்று காப்பெட் வீதிகள். வாகனங்கள் வேகமாக வருகின்றன. சைக்கிள்காரருக்கு மிஞ்சுவது வெள்ளைக் கோட்டுக்கு வெளியே இருக்கும் ஓரம் மட்டும்தான். மழையில் கிரவல் அரித்துப்போன இடங்களில் தாரின் விளிம்பு படி போல உயர்ந்து நிற்கும். ஹோர்ன் சத்தத்துக்குப் பயந்து ஓரத்தில் இறங்கினால் சில்லுச் சறுக்கும். மீண்டும் ஏற முயன்றாலும் சில்லு அந்த விளிம்பில் உரசி ஆளைத் தள்ளிவிடும். இரவில் வீதியில் படுத்திருக்கும் மாடுகளைப் பற்றி நான் புதிதாகச் சொல்லத் தேவையில்லை.

யாரும் மோதாமலே விழுவது

விபத்து என்றதும் வாகனம் மோதுவதைத்தான் நினைக்கிறோம். மூத்தவர்கள் பலர் யாரும் மோதாமலே விழுகிறார்கள். சைக்கிளுக்கென்றே தனிப் பாதைகள் உள்ள நெதர்லாந்திலும் சைக்கிள் விபத்தில் உயிரிழப்பவர்களில் பெரும் பகுதியினர் 60 வயதைத் தாண்டியவர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி, எல்லா வகையான விழுதல்களாலும் வருடத்துக்குச் சுமார் 684,000 பேர் உயிரிழக்கிறார்கள். இதிலும் கூடுதலாகப் பாதிக்கப்படுவோர் முதியவர்களே.

ஏறும்போதும் இறங்கும்போதும்தான் கூடுதல் ஆபத்து. பார் உள்ள ஆண்கள் சைக்கிளில் காலைப் பின்னால் சுழற்றித் தூக்கிப் போட வேண்டும். எழுபது வயதில் இடுப்பு அதற்கு இடம் கொடுக்காது. சாரம் சீற்றில் மாட்டும், அல்லது செயினில் சிக்கும். பின்னால் கரியரில் அரிசிப் பை இருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

குளிசைகளும் ஒரு காரணம். பிரஷருக்கு எடுக்கும் சில குளிசைகளால், படுக்கையில் இருந்து எழும்பிய உடனே தலை சுற்றலாம். சுபஹுக்கு எழும்பி அவசரமாக சைக்கிளில் ஏறுபவருக்கு இது பொருந்தும். சீனி வருத்தக்காரர் நோன்பு காலத்தில், அஸருக்குப் பின் வெயிலில் கஞ்சி வாங்கப் போகும்போது சீனி இறங்கி மயங்கலாம். றமழானுக்கு முன்பே கிளினிக்கில் குளிசை நேரம் பற்றிக் கேட்டுக்கொள்வது அவசியம். கண்ணில் வெண்புரை உள்ளவருக்கு, எதிரே வரும் வாகனத்தின் வெளிச்சத்தில் வீதியே தெரியாமல் போய்விடும்.

தலைக்குள் நடப்பது என்ன?

வயது போகப் போக மூளை சற்றுச் சுருங்குகிறது. மண்டையோட்டுக்கும் மூளைக்கும் இடையே இடைவெளி கூடுகிறது. அந்த இடைவெளியைக் கடந்து போகும் சிறு நாளங்கள் இழுபட்டு நிற்கின்றன. சிறு அடியே அவற்றில் ஒன்றைக் கிழிக்கப் போதும். இளைஞருக்கு இரத்தம் தேங்கினால் மூளைக்கு இடமில்லாததால் பெரும்பாலும் உடனே தெரிந்துவிடும். மூத்தவருக்கு இடம் இருப்பதால் இரத்தம் மெல்ல மெல்லக் கசிந்து, வாரக் கணக்கில் சேர்ந்த பிறகே மூளையை அழுத்தத் தொடங்கும். இதய நோய்க்காக அஸ்பிரின், குளோபிடோகிரெல், வோபரின் போன்ற குளிசைகள் எடுப்பவருக்கு இந்த ஆபத்து இன்னும் கூட. வாப்பாவும் அஸ்பிரின் எடுப்பவர்தான்.

தலையிடி, குழப்பம், அளவுக்கு மீறிய தூக்கம், ஒரு பக்கக் கை கால் பலவீனம், நடை மாறுதல், சிறுநீர் கட்டுப்பாடின்றிப் போதல் ஆகியவை இதன் அறிகுறிகள். பாரிசவாதம் என்றோ, வயதின் மறதி என்றோ தவறாக எண்ணிவிடுவது எளிது. ஆனால் மற்ற மறதிகளைப் போலன்றி, இது நேரத்தோடு கண்டுபிடித்தால் பெரும்பாலும் குணப்படுத்தக்கூடியது.

விழுந்தால் செய்ய வேண்டியவை

முதலில், கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள். கழுத்து வலித்தாலோ, கை கால் விறைத்தாலோ அப்படியே அசையாமல் வைத்திருங்கள். ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இடுப்புப் பக்கத்து எலும்பு முறிந்திருக்கலாம். அவரை ஆட்டோவில் மடக்கி இருத்திக் கொண்டுபோகக் கூடாது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் 'சுவசெரிய' அம்பியூலன்ஸ் இலவசமாக வரும். 2018 முதல் வடக்கிலும் இந்தச் சேவை இருக்கிறது. 1990 என்ற எண் வடக்கு முஸ்லிம்களான எமக்கு வேறொரு வலியை நினைவூட்டும். அதனாலேயே இந்த இலக்கம் எவருக்கும் மறக்காது.

வைத்தியரிடம் மூன்று விடயங்களைக் கேட்காமலே சொல்லுங்கள். தலை அடிபட்டதா என்பது முதலாவது. என்னென்ன குளிசை எடுக்கிறார் என்பது இரண்டாவது, கிளினிக் கொப்பியைக் கையோடு கொண்டுபோங்கள். சறுக்கி விழுந்தாரா, தலை சுற்றி விழுந்தாரா என்பது மூன்றாவது. தலை சுற்றித்தான் விழுந்தார் என்றால், காயத்தை விட அந்தத் தலைச்சுற்றுக்கான காரணத்தைத் தேடுவதே முக்கியம். நாங்கள் அன்று இந்த மூன்றில் ஒன்றையும் சொல்லவில்லை.

பிறகு, விழுந்த திகதியைக் கலண்டரில் குறித்து வையுங்கள். குறைந்தது இரண்டு மூன்று மாதங்களுக்கு நடையையும் பேச்சையும் கவனியுங்கள். மாற்றம் தெரிந்தால், "இன்ன திகதியில் விழுந்தவர்" என்று சொல்லி உடனே காட்டுங்கள். எங்கள் வீட்டில் கலண்டரில் ஒரு சிறு கோடு இருந்திருந்தால், முதல் முறை செருப்புக் கழன்ற அன்றே நாங்கள் ஓடியிருப்போம்.

சைக்கிளைப் பறிப்பதா?

வைத்தியசாலையில் இருந்து வந்ததும் நான் செய்த முதல் வேலை, சைக்கிளைப் பூட்டித் திறப்பை ஒளித்ததுதான். வாப்பா ஒரு கிழமை என்னோடு சரியாகப் பேசவில்லை. பள்ளிக்கும், கடைக்கும், கூட்டாளி வீட்டுக்கும் போக இன்னொருவரைக் கெஞ்ச வேண்டிய நிலைக்கு அவரைத் தள்ளிவிட்டேன் என்பது பிறகுதான் புரிந்தது. நடமாட்டம் குறைந்தால் காலின் பலமும் குறையும், வீட்டுக்குள்ளேயே விழுவார்கள்.

கடைசியில், காலைத் தூக்காமல் ஏறக்கூடிய, பார் இல்லாத சைக்கிள் ஒன்று வாங்கினோம். "இது பொம்பிளப் பிள்ளையளின்ர சைக்கிள்" என்று முகம் சுளித்தார். சீற்றில் இருந்தபடியே இரண்டு பாதமும் நிலத்தில் படும்படி சீற்றை இறக்கினோம். பிரேக் கட்டைகளை மாற்றினோம். டைனமோ வெளிச்சம் சைக்கிள் நின்றால் அணைந்துவிடும் என்பதால் பின்னால் பெரிய சிவப்பு ரிஃப்ளெக்டர் பூட்டினோம். சைக்கிள் ஹெல்மெட் ஒன்றும் வாங்கினோம். கிளினிக்கில் இருந்து அனுமதி கிடைத்த பிறகே திறப்பைக் கொடுத்தேன்.

ஊரும் சில வேலைகளைச் செய்யலாம். பள்ளி நிர்வாகங்கள் வாசலில் நல்ல மின்விளக்கும், பிடித்து ஏற ஒரு கைப்பிடியும் அமைக்கலாம். அரித்துப்போன வீதி ஓரங்களைக் கிரவல் போட்டு நிரப்பும்படி வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும் பிரதேச சபைக்கும் ஊர் சார்பில் எழுதலாம். மாட்டுக்காரர்கள் இரவில் மாடுகளைக் கட்டி வைக்கலாம். பஸ் சாரதிகளிடம் ஒரு வேண்டுகோள்: முன்னால் வெள்ளைத் தொப்பியோடு ஒரு கிழவர் மிதித்துக்கொண்டு போனால், ஹோர்ன் அடித்து ஓரத்தில் தள்ளாமல், வேகத்தைக் குறைத்து விலகிப் போங்கள்.

வாப்பா இப்போது சுபஹுக்கு டோர்ச் பிடித்துக்கொண்டு நடந்து போகிறார். வெளிச்சம் வந்த பிறகுதான் சைக்கிள். போன மாதம் வாசலில் ஒருமுறை சாய்ந்துவிட்டார். "ஒண்டுமில்லை" என்றுதான் சொன்னார். என் மகள் அதற்குள் கலண்டரில் கோடு போட்டுவிட்டாள்.