மெழுகுக் கட்டி சொல்லும் சேதி

பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்திலிருந்து கர்ப்பப்பைக் கட்டியோடு வேலூர் சி.எம்.சி.க்கு வரும் பெண்கள், ஸ்கேன் படங்களோடு ஒரு சின்ன பிளாஸ்டிக் உறையையும் கொண்டுவருவது வழக்கம். வெளியே எடுத்த பயாப்சியின் ‘பிளாக்’ அதற்குள் இருக்கும். சின்னச் சட்டத்தில் வெள்ளை மெழுகு, அதன் நடுவில் பருப்பளவு சதை. பார்மலினில் ஊறிய சதை அது. புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து அழுகவிடாமல் நிறுத்துகிறது பார்மலின். தோல் பதனிடும் ஷாப்பில் குரோம் உப்பு ஆட்டுத்தோலுக்குச் செய்வதும் ஏறக்குறைய இதையேதான். அதனால்தான் பல வருடம் கழித்தும் அந்தச் சதையிடம் புதுக் கேள்வி கேட்க முடிகிறது.

அன்று கேட்கத் தெரிந்த கேள்விகள் கொஞ்சம். செல்கள் எந்த அளவுக்கு உருக்குலைந்திருக்கின்றன, அதாவது எந்தக் கிரேடு? கருப்பைச் சுவரில் பாதிக்கு மேல் ஊடுருவிவிட்டதா? நெறிகட்டிகளுக்குப் போய்விட்டதா? 1983-ல் லெனின்கிராட் டாக்டர் போக்மன், கருப்பை உட்சவ்வுப் புற்றுநோயை இரண்டாகப் பிரித்தார். உடல் பருமன், சர்க்கரை, ஈஸ்ட்ரோஜன் மிகுதி ஆகியவற்றோடு மெதுவாக வருவது ஒன்று. இவை எதுவுமில்லாமல் வேகமாகப் பரவுவது இன்னொன்று. முப்பது வருடம் உலகம் அதை வைத்துத்தான் ஓட்டியது. சிக்கல் நடுவில் இருந்தது. மூன்றாம் கிரேடு ஸ்லைடு ஒன்றை இரண்டு நிபுணர்கள் பார்த்தால் இரண்டு பெயர் வைப்பார்கள். சந்தேகத்தின் பலன் கதிர்வீச்சுக்குப் போகும். அதன் எரிச்சலைக் குடலும் சிறுநீர்ப்பையும் வருடக்கணக்கில் சுமக்கும்.

2013-ல் அமெரிக்காவின் புற்றுநோய் மரபணு வரைபடத் திட்டம் 373 கட்டிகளின் மரபணுக்களை அலசி, இது நான்கு நோய் என்றது. அதில் என்னை இன்றுவரை வியக்கவைப்பது போலி (POLE) என்ற மரபணு கெட்ட வகை. டி.என்.ஏ.வை நகலெடுக்கும்போது கூடவே பிழை திருத்தும் நொதி ஒன்று உண்டு. அந்தத் திருத்தும் பகுதி பழுதானால் செல்லில் பிழைகள் ஆயிரக்கணக்கில் குவியும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பயங்கரமாக இருக்கும். ஆனால் அத்தனை பிழை சுமக்கும் செல்லை உடலின் எதிர்ப்புச் சக்தி சும்மா விடுவதில்லை; இந்தப் பெண்கள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கிறார்கள். முன்பு இவர்களுக்குத்தான் ‘மோசமான கிரேடு’ என்று கதிர்வீச்சும் கீமோவும் சேர்த்துக் கொடுத்தோம். அதற்கு நேர் எதிர் பி53 என்ற மரபணு கெட்ட வகை. ஸ்லைடில் சாதுவாகத் தெரிந்தாலும் கீமோ தேவைப்படும். இந்த நோயின் இறப்புகளில் பெரும்பங்கு இதனுடையது. 2023-ல் சர்வதேச மகப்பேறு மருத்துவக் கூட்டமைப்பு, நோயின் நிலையைக் குறிக்கும் எண்ணோடேயே இந்த மரபணு விவரத்தையும் சேர்க்கச் சொல்லிவிட்டது. தனி அடையாளம் இல்லாத மூன்றாவது வகைக்கு இன்னமும் பழைய கணக்குதான்.

நான்காவது, எம்.எம்.ஆர். எனப்படும் பழுதுநீக்கும் புரதங்கள் காணாமல்போன வகை. இது சிலருக்குப் பரம்பரையாக வரும். லிஞ்ச் குறைபாடு என்பார்கள். இதன் கதை ஒரு தையல்காரப் பெண்ணிடம் தொடங்குகிறது. 1895-ல் அமெரிக்க நோய்க்கூறு நிபுணர் ஆல்ட்ரெட் வார்த்தினிடம், தன் குடும்பத்தில் வயிறு, குடல், கர்ப்பப்பை என்று கேன்சரில்தான் எல்லோரும் போகிறார்கள், தானும் அப்படித்தான் போவேன் என்று அவர் சொன்னார். சொன்னபடியே கருப்பைப் புற்றுநோயில் இறந்தார். வார்த்தின் அந்தக் குடும்பத்தைப் பற்றி 1913-ல் எழுதினார். இன்று அதற்கான முதல் துப்பு நான்கு எம்.எம்.ஆர். புரதங்களுக்குச் சாயமேற்றினால் கிடைக்கிறது. எம்.எம்.ஆர். இல்லாத கட்டி பரவிவிட்டாலும் இம்யூனோதெரபி நன்றாகக் கேட்கும். விலை லட்சக்கணக்கில் என்பது வேறு துயரம். பரம்பரைக் குறை என்று உறுதியானால், அந்த நோயாளியின் மகளுக்கும் தங்கைக்கும் முன்கூட்டியே சோதனை செய்ய வழி பிறக்கிறது. ஆம்பூரில் ஷூ அப்பர் தைக்கும் பெண்களை நினைக்கும்போதெல்லாம் அந்தத் தையல்காரப் பெண் கூடவே நினைவுக்கு வருகிறார்.

இந்தப் பக்கத்தில் எந்தக் கேன்சர் என்றாலும் தோல் ஷாப் கழிவு கலந்த பாலாற்றுத் தண்ணீரைக் கைகாட்டுவார்கள். கோபம் நியாயமானது, 1996-ல் சுப்ரீம் கோர்ட்டே தோல் ஷாப் ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம் போட்டது. தோல் தூசு மூக்கிலும், ஆறு இணைதிறன் குரோமியம் நுரையீரலிலும் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உறுதி. ஆனால் கருப்பை உட்சவ்வு விஷயத்தில் வலுவான சாட்சி ஈஸ்ட்ரோஜனுக்கு எதிராகத்தான் இருக்கிறது. அதற்குத் துணைபோகும் மாற்றங்களும் இங்கே உண்டு. அன்று ஆறேழு பிள்ளைகள் பெற்ற வீட்டில் இன்று ஒன்றிரண்டு. நாள் முழுக்க மெஷின் முன் உட்கார்ந்த வேலை. நாற்பது வயதில் சர்க்கரை. சென்னைப் பதிவேட்டில் கருப்பைவாய்ப் புற்றுநோய் இறங்கிக்கொண்டிருக்க, இது மெல்ல ஏறுகிறது.

சி.எம்.சி.யைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் 1902-ல் வேலூரில் பெண்களுக்கென்று ஆஸ்பத்திரி கட்டினார். ஆண் டாக்டர் பார்க்கக்கூடாது என்று வீட்டார் மறுத்துப் பிரசவத்தில் இறந்த பெண்கள்தான் அவரை அந்த வழிக்குக் கொண்டுவந்தவர்கள். இன்று பெண் டாக்டருக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் மாதவிலக்கு நின்று இரண்டு வருடம் கழித்து ரத்தம் பட்டால், ‘சூட்டுக்கு வந்திருக்கும்’ என்று வெந்தயம் ஊறவைத்துக் குடித்துவிட்டு ஷூ கம்பெனி வண்டி ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு நாள் லீவு என்றால் ஒரு நாள் கூலி போய்விடும்.

2023 நவம்பரில் ராணிப்பேட்டை, திருப்பத்தூர் உள்ளிட்ட நான்கு மாவட்டங்களில் தமிழக அரசு தொடங்கிய புற்றுநோய்ப் பரிசோதனை வாய், மார்பகம், கருப்பைவாய் மூன்றையும் பார்க்கிறது. கருப்பை உட்சவ்வு அதில் இல்லை. அறிகுறி இல்லாத எல்லோருக்கும் செய்யும்படியான சோதனை இதற்கு இல்லாததால் அதைக் குறை சொல்ல மாட்டேன். பெரும்பாலும் ரத்தம் காட்டி முதலிலேயே சொல்லிவிடும் நோய் இது. பரிசோதனைக்கான அழைப்பிதழோடு வாசலுக்கு வரும் சுகாதாரப் பணியாளர், ‘தீட்டு நின்ன பிறகு எப்பவாவது பட்டதாக்கா?’ என்று ஒரு வரி சேர்த்துக் கேட்கலாம். பட்டது என்பவருக்கு உடனே பயாப்சி. கேன்சர் என்று வந்தால் எந்த ஆஸ்பத்திரியானாலும் பி53-க்கும் எம்.எம்.ஆருக்கும் சாயமேற்றிப் பார்த்துவிட வேண்டும். போலிக்கு மரபணு வரிசை படிக்கும் வசதி வேண்டும். அதற்கு பிளாக்கை வேலூருக்கு அனுப்பினால் போதும், அந்த அம்மா அலையத் தேவையில்லை.