பிரிசில்லா: கணக்கேட்டில் ஒரு சிறுமி

தென் கரோலினாவின் நெற்பண்ணை முதலாளி இரண்டாம் எலியாஸ் பால், 1756 ஜூன் 30 அன்று நான்கு சிறுவர்களையும் இரண்டு சிறுமிகளையும் அடிமைகளாக 600 பவுண்டுக்கு வாங்கியதைக் கணக்கேட்டில் குறித்தார். வயது, அவராகவே பார்த்துப் போட்டது. பிரிசில்லாவுக்கு 10; ஹாரிக்கு 6.

1870-க்கு முந்தைய அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கில் அடிமைகளின் பெயர்கள் பெரும்பாலும் இல்லை. முன்னோரின் வழித்தடம் தேடுவோருக்கு, விலைகொடுத்து வாங்கியவரின் ஏடுதான் துணை! எலியாஸின் வழிவந்த எட்வர்டு பால், குடும்ப ஏடுகளைப் புரட்டி, பிரிசில்லாவின் வாரிசுகளைக் கண்டறிந்து 1998-இல் நூலாக வெளியிட்டார். அவளை ஏற்றிவந்த ‘ஹேர்’ கப்பலின் தாள்கள் பின்னர் நியூயார்க்கில் கிடைத்தன. அவளோடு கப்பல் புறப்பட்ட இடம் சியரா லியோன். 2005-இல் அவளது ஏழாம் தலைமுறைப் பேத்தி அங்கே போய்வந்தார்.