நின்ற வண்டியும் காத்த கரங்களும்



நம் பள்ளியின் கல்விச் சுற்றுலாவில் ஒருமுறை கேளிக்கைப் பூங்கா ஒன்றிற்குச் சென்றிருந்தோம். ‘ரோலர் கோஸ்டர்’ எனப்படும் ஏற்ற இறக்கத் தொடர்வண்டியில் ஏறுவதற்காக ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்கள் முக்கால் மணி நேரம் வரிசையில் காத்து நின்றனர். அவர்கள் முறை நெருங்கிய வேளையில், முன்னே சென்ற வண்டி ஏற்றத்தின் நடுவே நின்றுவிட்டது. பணியாளர்கள் பக்கப் படிகளில் ஏறிச் சென்று, பயணிகளை ஒவ்வொருவராகக் கீழே அழைத்து வந்தனர். “இன்று இனி ஓடாது” என்ற அறிவிப்பும் வந்தது. மாணவர் சிலர் கண் கலங்கினர். “காசை வாங்கிக்கொண்டு இப்படி ஏமாற்றலாமா?” என்று தந்தை ஒருவர் சினந்தார்.

அவ்வேளையில் நான் வருந்தவில்லை என்றால் நீங்கள் வியப்படைவீர்கள். தலைசுற்றல் உடையவனாகையால் நான் இவ்வண்டியில் ஏறுவதில்லை. ஆயினும் அஃது எவ்வாறு ஓடுகிறது, எவ்வாறு பேணப்படுகிறது என்பதை நோக்கி அறிவதில் எனக்குப் பல்லாண்டு ஆர்வம் உண்டு. இத்தகைய ஆர்வலர்கள் உலகெங்கும் உள்ளனர். அமெரிக்காவில் 1978ஆம் ஆண்டிலேயே அவர்களுக்கென ஒரு சங்கம் தோன்றிவிட்டது. நான் அறிந்தவற்றுள் சிலவற்றை இங்குக் கூற விழைகிறேன்.

வண்டி ஓடும் விதம்

1884ஆம் ஆண்டில் லாமார்கஸ் தாம்சன் என்பார் நியூயார்க் நகரின் கோனித் தீவில் இவ்வகை வண்டி ஒன்றை அமைத்தார். கட்டணம் ஐந்து காசு. வேகமோ மணிக்குப் பத்துக் கிலோமீட்டர் அளவே. இன்றைய வண்டிகள் அதனினும் பன்மடங்கு விரைந்து செல்கின்றன. எனினும் அடிப்படைத் தத்துவம் மாறவில்லை.

பெரும்பாலான வண்டிகளுக்கு எஞ்சின் இல்லை. மின் மோட்டாரால் சுழலும் சங்கிலி, வண்டியை முதல் மேட்டின் உச்சிக்கு இழுத்துச் செல்லும். அதன் பின்னர்ப் புவியீர்ப்பு விசையே அதனை ஓட்டுகிறது. உராய்வினாலும் காற்றின் எதிர்ப்பினாலும் ஆற்றல் சிறிது சிறிதாகக் குறைவதால், பின்வரும் மேடுகள் முதல் மேட்டை விடத் தாழ்ந்தே அமைக்கப்படும்.

வண்டி மேலேறும்போது ‘டக், டக்’ என்று ஓர் ஓசை கேட்குமன்றோ? பலர் அதனைச் சங்கிலியின் ஓசை என எண்ணுவர். உண்மையில் அது வண்டியின் அடியிலுள்ள தடுப்புக் கொக்கி, பாதையின் நடுவே உள்ள பல்வரிசையில் ஒவ்வொரு பல்லாக விழும் ஓசையே. சங்கிலி அறுந்தாலும் வண்டி பின்னோக்கி உருளாதவாறு அக்கொக்கி பிடித்துக்கொள்ளும்.

சக்கரங்களும் மூவகைப்படும். பாதையின்மேல் ஓடுவன ஒருவகை; பக்கவாட்டில் அணைத்துச் செல்வன மற்றொருவகை; பாதையின் கீழ்ப்புறம் பற்றி, வண்டி மேலெழாமல் காப்பன மூன்றாம் வகை. கீழ்ச் சக்கர அமைப்புக்கு ஜான் மில்லர் என்னும் அமெரிக்கப் பொறியாளர் 1919ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார்.

ஒரே பாதையில் இரண்டு மூன்று வண்டிகள் ஓடும்போது அவை மோதாதிருப்பது எங்ஙனம்? பாதை பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு பகுதியில் ஒரு வண்டி மட்டுமே இருக்கலாம். முன் வண்டி அகன்றாலன்றிப் பின் வண்டியை பிரேக் விடுவிக்காது. முன்னே செல்லும் இரயில் அகலும்வரை பின்வரும் இரயிலுக்குப் பச்சை விளக்கு எரியாததைப் போன்றதே இதுவும். உணர்கருவி ஒன்றில் சிறு ஐயம் எழுந்தாலும் வண்டி தானே நின்றுவிடும்.

காலைப் பணி

பூங்காவின் கதவு திறக்குமுன்னரே பராமரிப்புத் தொழிலாளர்களின் பணி தொடங்கிவிடுகிறது. பால்மரம் சீவுவோர் இருள் விலகுமுன் வெளிக்குச் செல்வது போன்றதே அது. அவர்கள் பாதையையும், திருகாணிகளையும், சக்கரங்களையும், பயணிகளைப் பிணைக்கும் பாதுகாப்புத் தண்டுகளையும் சோதிப்பர். பின்னர் வண்டியை ஆளின்றி வெறுமையாக ஓட்டிப் பார்ப்பர். குறிப்பேட்டில் கையொப்பம் இட்ட பின்னரே மக்கள் ஏறலாம். குறிப்பிட்ட காலத்திற்கொருமுறை வண்டியை முற்றாகப் பிரித்து, கண்ணுக்குப் புலப்படாத விரிசல்களைச் சிறப்பு மையினாலும் ஒலி அலைகளாலும் ஆராய்வர்.

இவ்வளவும் எதற்கு? 1972ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் இலண்டன் பாட்டர்சீ பூங்காவில் வண்டி ஒன்று மேலேறுகையில், இழுத்துச் சென்ற வடத்திலிருந்து விடுபட்டது. பின்னுருளாமல் காக்கவேண்டிய அமைப்பும் செயற்படவில்லை. வண்டி பின்னோக்கிப் பாய்ந்தது. ஐந்து குழந்தைகள் உயிரிழந்தனர். நான் மேலே கூறிய ‘டக், டக்’ ஓசையின் அருமையை இந்நிகழ்ச்சி உணர்த்தும்.

நம் அண்டை நாட்டிலும் ஒரு சான்று உண்டு. சிங்கப்பூர் செந்தோசாத் தீவிலுள்ள யுனிவர்சல் ஸ்டூடியோஸ் பூங்காவில், 42.5 மீட்டர் உயரமுள்ள ‘பேட்டல்ஸ்டார் கலாக்டிகா’ என்னும் இரட்டை ரோலர் கோஸ்டர் 2010ஆம் ஆண்டு மார்ச் மாதம் தொடங்கப் பெற்றது. இருக்கைகளில் கண்ட குறை காரணமாகச் சில நாள்களிலேயே நிறுத்தப்பட்டு, 2011 பிப்ரவரியில்தான் மீண்டும் ஓடியது. 2013 ஜூலையில் ஆய்வுக்காக மறுபடியும் மூடப்பட்டது. நால்வர் அமரும் பெட்டிகளுக்கு மாற்றாக இருவர் அமரும் பெட்டிகள் பொருத்தப்பட்ட பின், 2015 மே மாதம் திறக்கப்பட்டது. பெரும் பொருட்செலவில் கட்டியதை ஆண்டுக்கணக்கில் நிறுத்தி வைப்பது எளிய முடிவன்று.

நிற்க. அன்று பூங்காவில் சினந்த தந்தைக்கு இவற்றையெல்லாம் நான் விளக்கத் தொடங்குமுன், செம்பனை ஆலையில் இயந்திரம் பழுது பார்க்கும் மற்றொரு தந்தை வாய் திறந்தார். மிகுதியாகப் பேசாத மனிதர் அவர். “அண்ணே, ஒருநாள் ஆலையில் ஓசை மாறிக் கேட்டது. நான் இயந்திரத்தை நிறுத்தினேன். வேலை கெட்டது என்று மேலாளர் எல்லார் முன்னிலையிலும் ஏசினார். திறந்து பார்த்தால் பேரிங் தூளாகிக் கிடந்தது. இன்னும் சிறிது நேரம் ஓடியிருந்தால், அருகில் நின்ற இரண்டு பேர் வீடு திரும்பியிருக்க மாட்டார்கள். அதற்குப் பிறகும் என்னிடம் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை” என்றார்.

சினந்தவர் தலை குனிந்தார். பின்னர்த் தம் மகனை அழைத்துக்கொண்டு, வண்டியை நிறுத்திய பணியாளரிடம் சென்று நன்றி கூறினார். அவ்விளைஞர் சற்றே திகைத்து நின்றார். அன்று முழுவதும் அவர் கேட்டதெல்லாம் ஏச்சாகவே இருந்திருக்கும்.

மாணவச் செல்வங்களே! இனி இத்தகைய வண்டியைக் காணும்போது, கூச்சலிடுவோரை மட்டும் நோக்காதீர்கள். கையில் விசைப்பலகையுடன் நிற்பவரையும், மேட்டின் உச்சியில் திருகாணியைத் தட்டிப் பார்ப்பவரையும் நோக்குங்கள். பெற்றோர்களே! உங்கள் மோட்டார் சைக்கிளின் பிரேக்கையும் சங்கிலியையும் காலையில் ஒருமுறை பார்த்த பின்னரே பிள்ளையைப் பின்னால் ஏற்றுங்கள். ஐயம் தோன்றினால் அன்று நடந்தே வாருங்கள். தாமதமாக வந்த மாணவனை அன்று நான் கடிந்துகொள்ள மாட்டேன்.